ஒற்றைக் கதவு நிறுத்தம்

"ஒத்தக் கதவு! ஒத்தக் கதவெல்லாம் இறங்கு!" என்று கண்டக்டர் கத்தியதும், மடியிலிருந்த பையோடு போர்டு சார் எழுந்து நின்றுவிட்டார்.

"என்னங்க?" என்றாள் மனைவி.

"கேட்டியா? ஒத்தக் கதவாம். ஒரு ஸ்டாப்புக்கு இப்படி யாராவது பேரு வெப்பாங்களா?"

"ஏன் வெச்சாங்களோ. அதோ பாருங்க, நிஜமாவே ஒரு கதவு நிக்குது."

ஜன்னல் வழியே குனிந்து பார்த்தார். நின்றது. சாலையோரம், வெட்டவெளியில், நிலைச்சட்டத்தோடு ஒரு மரக்கதவு. இரண்டு பக்கமும் சுவர் இல்லை. மேலே கூரை இல்லை. பின்னால் வயல்தான். ஆனால் கதவுக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்து, பித்தளைப் பூட்டுப் போட்டுப் பூட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு சின்னத் தகரப் பலகை. அதில் ஏதோ எழுதியிருந்தது. பஸ்ஸிலிருந்து படிக்க முடியவில்லை.

படிக்க முடியாத பலகை போர்டு சாருக்குப் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. அதை எடுக்காமல் அவரால் வேறு எதையும் நினைக்க முடியாது.

மருந்துப் புட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் இடத்தில் அவர் பிழைதிருத்துநர். 'குலுக்கிய பின் அருந்தவும்', 'குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும்' என்று எறும்பு எழுத்தைப் பத்தொன்பது வருடமாகப் படித்ததில், எழுத்து என்று கண்ணில் பட்டுவிட்டால் விட மாட்டார். பயணம் என்றால் இன்னும் மோசம். 'சுமாரான ஓட்டல்', 'மறுபடியும் மெக்கானிக் ஒர்க்ஸ்', 'நேற்றைய பேக்கரி' என்று வழியில் பார்த்ததையெல்லாம் துண்டுத் தாளில் எழுதிச் சேர்த்து வைப்பார். பெயர் கிடைத்தால் மட்டும் போதாது. ஏன் அந்தப் பெயர் என்று உரியவரிடமே இறங்கிப் போய்க் கேட்டாக வேண்டும். அச்சகத்தில் வைத்த பட்டம்தான் போர்டு சார். மாமனார் வீட்டில் போர்டு மாப்பிள்ளை. சொந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கே இரண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கும்.

"கண்டக்டர், நான் கொஞ்சம் இறங்கி..." என்று இழுத்தார்.

"இறங்குங்க சார், இறங்குங்க. அதுக்குத்தானே நிறுத்தியிருக்கு!"

எவ்வளவு நல்ல மனிதர் என்று போர்டு சார் நினைத்தார். இந்தக் காலத்தில் பயணிகளின் ஆர்வத்தை மதிக்கிற கண்டக்டர் யார் இருக்கிறார்கள்?

"குடை பையிலதான் இருக்கு," என்றாள் மனைவி. "வெயில்ல நிக்காதீங்க."

அவள் எவ்வளவு நல்லவள் என்றும் நினைத்துக்கொண்டார். இன்று காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தாள். ஜன்னலோர இருக்கையை அவளாகவே விட்டுக் கொடுத்தாள். அவர் பஸ்ஸுக்குள் எழுதியிருந்த விதிமுறைகளைப் படித்துக்கொண்டிருந்தபோது தொந்தரவு செய்யாமல் அவளே டிக்கெட் எடுத்தாள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர், குடை எல்லாம் அவர் பையிலேயே வைத்திருந்தாள்.

இறங்கினார். கதவருகே போனார். பலகையைப் படித்தார்.

'வெளியே போகும்போது விளக்கை அணைக்கவும்.'

போர்டு சார் சத்தமாகச் சிரித்தார். தலைக்கு மேலே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எந்த விளக்கை அணைப்பது? இதை உடனே மனைவியிடம் சொல்ல வேண்டும் என்று திரும்பினார்.

பஸ் போய்க்கொண்டிருந்தது.

"ஏய்! நிறுத்து! ஹோல்டான்!" என்று ஓடினார். பின்படியில் நின்ற கண்டக்டர் அவரைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு கையசைத்தார். டாட்டா காட்டுகிற கையசைப்பு. பஸ் வளைவில் திரும்பி மறைந்தது.

நின்ற இடத்தில்தான் பை கனத்தது. அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

ஃபைல்.

மனைவி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். பதினோரு மணிக்கு அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நேர்முகத் தேர்வு. பரிசோதனைக் கூடத்துக்கே பொறுப்பாளர் வேலை. அசல் சான்றிதழ் இல்லாமல் வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று கடிதத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அவர்தான் அதைப் படித்துக் காட்டினார். அடுத்த மாதத்தோடு அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் இல்லை. காலையில் பையை அவர் தோளில் மாட்டி, "ஃபைல் உள்ள இருக்கு, மடியைவிட்டு இறக்காதீங்க," என்று சொல்லியிருந்தாள்.

அவரும் இறக்கவில்லை. அதோடு சேர்ந்து இறங்கிவிட்டார்.

இது மூன்றாவது தேர்வு. முதல் தடவை போகிற வழியில் 'கடைசி முயற்சி டிரைவிங் ஸ்கூல்' என்று ஒரு பலகை. ஆட்டோவை நிறுத்தி உரிமையாளரிடம் பெயர்க் காரணம் விசாரித்ததில் முக்கால் மணி நேரம் போயிற்று. தேர்வு முடிந்து மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது தடவை சரியான நேரத்துக்குப் போய்விட்டார்கள். ஆனால் அந்த ஆஸ்பத்திரி வாசலில் 'நோயாளிகள் இல்லாமல் உள்ளே வரக் கூடாது' என்று எழுதியிருந்தது. போர்டு சார் அதை மேலாளரிடம் கொண்டுபோய், எந்த மூளையில்லாதவன் எழுதினான் என்று கேட்டார். மேலாளர்தான் எழுதியிருந்தார். அவர்தான் தேர்வும் நடத்தினார்.

இந்தத் தடவை "நான் தனியாவே போறேங்க," என்று மனைவி ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். போன வாரம் விண்ணப்பம் கொடுக்க இதே பஸ்ஸில் தனியாகத்தான் போய் வந்தாள். "தேர்வுக்குத் தனியா எப்படிம்மா அனுப்புவேன்? நான் லீவு போட்டுட்டேன்," என்று அவர் சொன்னதும் பேசாமல் இருந்துவிட்டாள். வேண்டாம் என்றால் மூன்று நாள் சாப்பிட மாட்டார். அதாவது வீட்டில் சாப்பிட மாட்டார்.

"பஸ்ஸை விட்டுட்டியா?"

குரல் வந்த பக்கம் திரும்பினார். கதவுக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை. டயர்களுக்கு நடுவே முக்காலி போட்டு ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். அறுபது வயது இருக்கும். ட்யூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடுத்த பஸ் எப்பம்மா?"

"அந்தப் பக்கம் போறதா? ஒன்றரை மணிக்கு."

"பதினொண்ணுக்கு நான் அங்க இருக்கணும்!"

"அப்ப பஸ்லயே இருந்திருக்கணும்."

போர்டு சார் போன் கேட்டார். அவருடைய போன் மனைவி கைப்பையில் இருந்தது. நேரம் பார்க்க வேண்டும் என்று காலையிலேயே வாங்கி வைத்துக்கொண்டாள். பஞ்சர் கடை அம்மாள் கையைத் துடைத்துவிட்டுத் தன் போனைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்ன முழிக்கிற?"

"நம்பர் ஞாபகம் வரல."

"பொண்டாட்டி நம்பரா?"

"அது போன்ல பேரு போட்டே இருக்கும்மா. அழுத்தினா போகும்."

"வேற யாரு நம்பராச்சும் தெரியுமா?"

தெரியும். சுமாரான ஓட்டல் நம்பர் தெரியும். மறுபடியும் மெக்கானிக்கின் இரண்டு நம்பரும் தெரியும். வழியில் ஒரு சுவரில் 'கிணறு விற்பனைக்கு' என்று எழுதிக் கீழே போட்டிருந்த நம்பரைக்கூடத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டால் சொல்வார். பெண்டாட்டி நம்பர் எந்தச் சுவரிலும் எழுதியிருக்கவில்லை.

தன் நம்பரையே போட்டுப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவுக் குரல் சொன்னது.

"நேர்முகத் தேர்வுன்னா ஆஃப் பண்ணிடுவா. ரொம்பப் பொறுப்பு," என்று பெருமையாகச் சொன்னார். சொன்ன பிறகுதான் அழுகை வருகிற மாதிரி இருந்தது.

அந்த நிலையிலும் கண் கதவுக்குப் போயிற்று.

"ஏம்மா, இந்தக் கதவோட வீடு எங்க?"

"நீ நிக்கிறியே, அது சமையலறை."

போர்டு சார் காலை நகர்த்திக் கீழே பார்த்தார். தார்ச்சாலை.

"பஸ் வந்து நிக்குதே, அது கூடம். ஒரு நாளைக்கு எட்டு பஸ் என் கூடத்துல வந்து நின்னுட்டுப் போகுது. ஒருத்தன் செருப்பைக் கழட்டுறதில்லை."

"புரியலையே..."

அவள் சொல்ல வாயெடுத்தபோது ஒரு சின்ன லோடு வண்டி வந்து காற்றடிக்க நின்றது. பின்னால் பதினான்கு பொம்மைகள். துணிக்கடை வாசலில் சேலை கட்டி நிறுத்துகிற ஆளுயரப் பொம்மைகள். சேலை இன்னும் கட்டவில்லை. எல்லாப் பொம்மையும் ஒரே பக்கம் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருந்தன.

"அண்ணே, எங்க போறீங்க?" என்று பாய்ந்தார் போர்டு சார்.

அடுத்த ஊருக்குத்தான் போகிறதாம். ஆஸ்பத்திரி ரோட்டில் உள்ள துணிக்கடைக்குத்தான் சரக்காம். போர்டு சாருக்கு உயிர் வந்தது.

"முன் சீட்டு இல்லை சார்," என்றார் வண்டிக்காரர். முன் சீட்டில் பெல்ட் போட்டு ஒரு பொம்மை உட்கார்ந்திருந்தது. "இது வெளிநாட்டுச் சரக்கு. மூக்கு உடைஞ்சா என் சம்பளத்துல பிடிப்பாங்க. நீங்க பின்னாடி ஏறிக்குங்க."

"எனக்கு மூக்கு உடைஞ்சா?"

"உங்க மூக்குக்கு நான் கையெழுத்துப் போடல சார்."

ஏறினார். பை மாட்டிய தோளோடு பதினான்கு பொம்மைகளுக்கு நடுவே நின்றார். வண்டி ஓட ஓடக் காற்றுக்கு ஒரு பொம்மை அவர் தோளில் கையைப் போட்டது. எதிரே வந்த காரில் ஒரு பெண் ஜன்னலை இறக்கி அவரைப் படம் எடுத்தாள். ஸ்கூட்டரில் போன ஓர் ஆள் வேகத்தைக் குறைத்து, "அந்த நடு பொம்மை அப்படியே மனுஷன் மாதிரியே இருக்கு பாரு. ஆனா மூஞ்சி சரியா வரல," என்று பின்னால் இருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வழிநெடுகப் பிறரைப் பார்த்துச் சிரித்த மனிதரை இப்போது வழி பார்த்துச் சிரித்தது. அவருக்கு அது உறைக்கவில்லை. 'இங்கே எதுவும் எழுதாதே' என்று ஒரு சுவர் முழுக்க எழுதியிருந்ததையும், அதன் கீழே யாரோ 'சரி' என்று எழுதியிருந்ததையும் படித்துக்கொண்டிருந்தார்.

பத்து நிமிடத்தில் சாலை இரண்டாகப் பிரிந்தது. பிரிகிற இடத்தில் ஒரு கம்பம். கம்பத்தில் 'ஆஸ்பத்திரி' என்று அம்புக்குறி போட்ட பலகை. ஒரு ஆணி கழன்று தொங்கியதால் அம்பு நேராகத் தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று வண்டியின் கூரையைத் தட்டினார்.

"என்ன சார்? கை எதுவும் விழுந்துருச்சா?"

"போர்டைப் பாருங்க. ஆஸ்பத்திரி என்ன பாதாளத்துலயா இருக்கு?"

"அது ரொம்ப நாளா அப்படித்தான் சார். நமக்கு நேரமாகுதுன்னீங்களே?"

"ஒரே நிமிஷம். நோயாளிங்க வர்ற வழி. பாவம்."

இறங்கினார். சாப்பாட்டு டப்பாவைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். பலகையைத் தூக்கிப் பிடித்து ஆராய்ந்தார். வலது கோடியில் ஆணி ஓட்டை இருந்தது. ஓட்டை வலது பக்கம் என்றால் அம்பும் வலது பக்கம்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஒரு நியாயம் கண்டுபிடித்து, வலது பக்கம் பார்க்கிற மாதிரி இழுத்துக் கட்டினார். இரண்டடி பின்னால் நகர்ந்து பார்த்தார். கோணல் இல்லாமல் அச்செடுத்த மாதிரி இருந்தது.

"நான் எப்பவும் இடது பக்கம்தானே சார் போவேன்?" என்றார் வண்டிக்காரர்.

"எப்பவும் போறீங்கன்னா அது சரியான வழின்னு அர்த்தமா? சுத்து வழியா இருக்கும்."

"போய்ச் சேந்துடுதே சார்."

"அண்ணே, நான் பத்தொன்பது வருஷமா படிக்கிறேன். ஆளுங்க பொய் சொல்வாங்க. போர்டு பொய் சொல்லாது."

படித்தவர் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறபோது வண்டிக்காரருக்குத் தன் பதினோரு வருட அனுபவத்தின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வலது பக்கம் திரும்பினார்.

முதலில் தார் போயிற்று. பிறகு ஜல்லி போயிற்று. பிறகு சாலை என்று சொல்ல இரண்டு சக்கரத் தடம் மட்டும் இருந்தது. பொம்மைகள் ஆடின. ஒரு தலை கழன்று போர்டு சாரின் கையில் வந்து விழுந்தது. அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டார். ஏரிக்கரையைச் சுற்றி, கரும்புக்கு நடுவே புகுந்து, ஒரு மாட்டுக்கு வழிவிட்டு, அந்த மாடு வழிவிடாமல் நின்று, மணி பத்தே முக்கால் ஆயிற்று.

"சார், பின்னாடி பாருங்க," என்றார் வண்டிக்காரர்.

பார்த்தார். பின்னால் ஒரு தண்ணீர் லாரி, இரண்டு கார், கையில் கட்டுப் போட்ட ஓர் ஆளோடு ஓர் ஆட்டோ, கடைசியில் மெதுவாக ஆடி ஆடி வருகிற ஒரு பழைய கார். அதன் கூரையில் இருந்த எழுத்தைத் தூரத்திலேயே படித்துவிட்டார். 'கடைசி முயற்சி டிரைவிங் ஸ்கூல்.'

"பாத்தீங்களா? இத்தனை பேரு வர்றாங்க. சரியான வழிதான்," என்றார் போர்டு சார்.

"அவங்க எல்லாம் உங்க போர்டைப் பாத்துட்டு வர்றாங்க சார்."

கரும்பு முடிந்தது. வயல் வந்தது. வயலின் கோடியில் ஒரு பச்சைக் கதவு நின்றது.

ஒரு கணம், இதே மாதிரி இன்னொரு கதவு போல என்று ஆசையோடு நினைத்தார். கதவுக்கு அந்தப் பக்கம் டயர்கள் தெரிந்தன. முக்காலி தெரிந்தது.

வண்டி நின்றது. பின்னால் ஐந்து வண்டியும் நின்றன. ஹார்ன் அடித்தார்கள். போர்டு சார் பொம்மைத் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி, கதவருகே போனார். இந்தப் பக்கமும் ஒரு பலகை இருந்தது.

'தட்டிவிட்டு நிற்கவும்.'

கதவுக்கு இரண்டு பக்கமும் லாரியே போகிற அளவுக்கு இடம் இருந்தது. இருந்தும், எழுதியிருக்கிறதை மீறிச் சுற்றிக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை. தட்டினார். நின்றார்.

"யாரு?" என்றது உள்ளிருந்து, அதாவது சாலையிலிருந்து, ஒரு குரல்.

"நான்தான்மா."

"நான்தான்னா?"

"காலையில பஸ்ஸை விட்டவன்."

பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. கதவு கிறீச்சென்றுகூடச் சொல்லாமல் திறந்தது. பஞ்சர் கடை அம்மாள் அவரைப் பார்த்தாள். அவர் கக்கத்தில் இருந்த தலையைப் பார்த்தாள். பின்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தாள்.

"எல்லாரும் உன் ஆளுங்களா?"

"இல்லம்மா. அவங்க ஆஸ்பத்திரிக்குப் போறவங்க."

வண்டிக்காரர் தலையை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போனார். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையில் கட்டுப் போட்டவர் பேசினார். அதை எழுத முடியாது. ஜல்லியில் வந்ததில் இரண்டு காருக்கும் டயர் போயிருந்தது. பஞ்சர் கடை அம்மாளுக்கு ஒரு மாதத்து வேலை ஒரே காலையில் வந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூல் காரில் இருந்த கற்றுக்குட்டி மட்டும் இறங்கி வந்து போர்டு சாரின் கையைக் குலுக்கினார். இவ்வளவு தூரம் நிற்காமல் அவர் ஓட்டியது இதுதான் முதல் தடவையாம்.

மணி பதினொன்றைத் தாண்டியது.

போர்டு சார் குடையை விரித்துக்கொண்டு நிறுத்தத்தில், அதாவது கூடத்தில், உட்கார்ந்தார். கால் மணி நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் முடியவில்லை.

"மீதியைச் சொல்லிடுங்கம்மா. எதுக்குக் கதவு?"

"ரோட்டை அகலப்படுத்தணும்னு வந்தானுங்க," என்றாள் அவள், டயரைக் கழற்றிக்கொண்டே. "கோடு போட்டு அளந்தானுங்க. கோடு என் பின்வாசலுக்கு ஒரு ஜாண் இந்தப் பக்கமே முடிஞ்சுது. வீட்டை இடிச்சானுங்க. கோட்டுக்கு வெளிய இருக்கிறதைத் தொட அதிகாரம் இல்லைன்னு பின்வாசல் கதவை விட்டுட்டுப் போயிட்டானுங்க. காகிதத்துல எழுதினது, 'வீடு ஒரு பகுதி இடிக்கப்பட்டது.' அப்ப மிச்சப் பகுதி இருக்குதுல்ல? இழப்பீட்டு வழக்கு முடியற வரைக்கும் அது நிக்கணும். விழுந்துச்சுன்னா வீடே இல்லைன்னு ஃபைலை மூடிடுவானுங்க."

"அதுக்காகவா பூட்டு?"

"வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு ஆபீசர் வருவாரு. தட்டுவாரு. நான் யாருன்னு கேக்கணும். திறக்கணும். 'குடியிருப்பு உள்ளது'ன்னு எழுதிட்டுப் போவாரு. ஒன்பது வருஷமா குடியிருக்கேன்."

"விளக்கை அணைக்கச் சொல்லி எழுதியிருக்கே?"

"அது எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்தப்ப மாட்டினது. நான் ஏன் கழட்டணும்?"

இதைவிட நல்ல பெயர்க்காரணம் அவருக்குப் பத்தொன்பது வருடத்தில் கிடைத்ததில்லை. எழுதிக்கொள்ளத் தாள் தேடிப் பையைத் திறந்தார். ஃபைல் தெரிந்தது. அதைத் தொட்டதும் மறுபடி துக்கம் வந்தது. சான்றிதழ்களையாவது ஒரு தடவை பார்க்கலாம் என்று பிரித்தார்.

முதல் தாள், 'சுமாரான ஓட்டல்.' இரண்டாவது, 'நேற்றைய பேக்கரி.' மூன்றாவது, 'கிணறு விற்பனைக்கு.' கடைசி வரை புரட்டினார். அவருடைய துண்டுத் தாள்கள்தான். எல்லாமே.

"ஐயோ!" என்று எழுந்துவிட்டார். "ஃபைல் மாறிப்போச்சு! அவசரத்துல மாத்தி எடுத்துட்டா. நான் போய்ச் சேந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. சான்றிதழ் வீட்டுல கிடக்கு!"

"அப்ப நீ பஸ்ஸை விட்டதுல நஷ்டம் ஒண்ணுமில்ல," என்றாள் அம்மாள்.

அது ஆறுதலா குத்தலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. டப்பாவைத் திறந்து சாப்பிட்டார். ஒரு ஆளுக்கு அளவாக, கரண்டி முதற்கொண்டு வைத்திருந்தாள். அவளுக்கு எடுத்துக்கொள்ளாமல் இவருக்கு மட்டும் வைத்திருக்கிறாளே என்று வருத்தப்பட்டுக்கொண்டார். ஆனாலும் மிச்சம் வைக்கவில்லை.

ஒரு மணிக்குக் காலையில் போன அதே பஸ் எதிர்த்திசையிலிருந்து திரும்பி வந்து கூடத்தில் நின்றது. அதே கண்டக்டர். ஜன்னலோர இருக்கையில் மனைவி. பக்கத்து இருக்கையில் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

போர்டு சார் ஏறினார். கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். காத்திருந்த நேரமெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு ஒரே மூச்சில் வந்தது.

"எல்லாம் என்னாலதான். நான் இறங்கியிருக்கக் கூடாது. ஃபைலை நீ மாத்தி வெச்சதைக்கூட நான் காலையிலயே திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். வயசு வேற தாண்டிடும். உன் வாழ்க்கையே என்னால..."

அவள் ஒரு தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். ஆஸ்பத்திரி முத்திரை. நியமன உத்தரவு. வரும் திங்கள் முதல் பொறுப்பாளர்.

போர்டு சார் இரண்டு தடவை படித்தார். மூன்றாவது வரியில் அவர் விரல் நின்றது.

"திருத்தாதீங்க," என்றாள் அவள்.

விரலை எடுத்தார். "சான்றிதழ் இல்லாம எப்படி உள்ள விட்டாங்க?"

"கேட்டாங்க. குடுத்தேன்."

"எது? எங்க இருந்து?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "கதவு என்ன கதவுன்னு கேட்டீங்களா?"

"கேட்டேன், கேட்டேன்! அதைச் சொன்னா நீ நம்ப மாட்டே. ஒரு நிமிஷம், டிக்கெட் எடுத்துடறேன்."

பஸ் நகர்ந்தது. கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் போர்டு சார் பணத்தை நீட்டி முறைத்தார். "நான் கத்தக் கத்த விட்டுட்டுப் போனீங்களே, உங்களுக்கே இது நியாயமா இருக்கா? சரி, குடுங்க. ஒத்தக் கதவுலேருந்து ஒண்ணு."

கண்டக்டர் பணத்தைத் தொடவே இல்லை.

"உங்களுக்கு ரெண்டு டிக்கெட்டையும் காலையிலயே அம்மா எடுத்துட்டாங்களே சார்: ஒத்தக் கதவு வரைக்கும் ஒண்ணு, ஒத்தக் கதவுலேருந்து வீட்டுக்கு ஒண்ணு."